உடம்புக்குள் போன இரும்பு எந்த வழியாக வெளியேறுகிறது?

தாமான்வாசி (பாடாங் செராய், மலேசியா) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகளுக்குச் சில மாதங்களாகவே களைப்பும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் இருந்ததால், கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.6, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6 என்று வந்தது. இரும்புச்சத்துக் குறைவினால் ஏற்பட்ட இரத்தச்சோகை என்று சொல்லி, ஃபெர்ரஸ் ஃபியூமரேட் மாத்திரையும் ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கைந்து நாள் கீரை சமைக்கிறோம். பிறகு எப்படிக் குறைந்தது என்பது எனக்கு முதல் புதிர்.

இரண்டாவது புதிர் இதைவிடப் பெரியது. எங்கள் தாமானில் அடுத்த வரிசையில் இருக்கும் ஒரு பையனுக்குத் தலசீமியா என்னும் பரம்பரை இரத்த நோய். அவன் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதாம். அதை வெளியேற்றுவதற்கென்றே தினமும் மருந்து எடுக்கிறான். அவனும் இரத்தச்சோகை உள்ள பிள்ளைதான், என் மகளும் இரத்தச்சோகை உள்ள பிள்ளைதான். ஒருவருக்கு இரும்பைக் கொடுக்கிறார்கள், மற்றவரிடமிருந்து எடுக்கிறார்கள். உணவில் உப்பு கூடினால் சிறுநீரில் போய்விடுகிறது என்கிறோமே, இரும்பு மட்டும் ஏன் அப்படிப் போவதில்லை? சாப்பிட்ட இரும்பு எங்கே உள்ளே நுழைகிறது, எது அதைச் சுமந்து செல்கிறது, எப்படிக் குறைகிறது என்பதைத் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். மருத்துவர் சொன்னதை மாற்றுவதற்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

நுண்ணோக்கி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் மருத்துவ ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உங்கள் இரண்டு புதிருக்கும் விடை ஒன்றுதான்: இரும்பை வேண்டுமென்று வெளியேற்றும் ஏற்பாடு மனித உடம்பில் கிடையாது. எவ்வளவு உள்ளே விடுவது என்பதை மட்டுமே உடம்பால் தீர்மானிக்க முடியும். 1937, 1938 ஆண்டுகளில் மெக்கான்ஸ், விடோசன் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆட்களுக்கு இரும்பை வாய்வழியாகவும் இரத்தக்குழாய் வழியாகவும் கொடுத்து, மலத்தையும் சிறுநீரையும் அளந்து பார்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த இரும்பு ஏறத்தாழத் திரும்பி வரவே இல்லை என்று கண்டார்கள். குடல் தேவைக்கு அதிகமான இரும்பைக் கழித்துவிடும் என்று அதுவரை நம்பப்பட்டு வந்தது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடம்பில் மொத்தமாக 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கும். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. ஆணுக்கு ஒரு கிராம் வரையிலும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவாகவும் கல்லீரல் முதலிய இடங்களில் ஃபெரிட்டின் என்னும் புரதத்துக்குள் சேமிப்பாக இருக்கும். நாம் ஒரு நாளில் உண்ணும் 10 முதல் 20 மில்லிகிராம் இரும்பில் உடம்பு ஏற்பது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஆனால் புதிய சிவப்பணுக்களைச் செய்ய எலும்பு மஜ்ஜைக்கு நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் தேவைப்படுகிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், சுமார் 120 நாள் வாழ்ந்து முடித்த பழைய சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உடைத்து, உள்ளிருக்கும் இரும்பைத் திரும்ப இரத்தத்தில் விடுகின்றன. உடம்பின் இரும்பு வாழ்க்கை பெரும்பாலும் இந்தச் சுழற்சிதான். சாப்பாட்டிலிருந்து வருவது அந்தச் சுழற்சியில் சிந்தியதை ஈடுகட்டும் சிறு தொகை.

இனி நுழைவாயில். இரும்பு உறிஞ்சப்படும் இடம் இரைப்பையை அடுத்துவரும் முன்சிறுகுடலும் அதைத் தொடர்ந்த சிறு பகுதியும்தான். கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னேற்றம் கொண்ட ஃபெரிக் வடிவில் வருகிறது. இது குடல் செல்லுக்குள் நேராகப் போகாது. இரைப்பையின் அமிலம் அதைக் கரைத்துக் கொடுக்கிறது. குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு நொதியும், உணவில் இருந்தால் வைட்டமின் சியும் அதை இரண்டு மின்னேற்றமுள்ள ஃபெர்ரஸ் வடிவுக்கு மாற்றுகின்றன. அதன்பின் டி.எம்.டி.1 என்னும் கடத்திப் புரதம் அதை உள்ளே எடுக்கிறது. இறைச்சி, ஈரல், மீன், கெராங் என்னும் சிப்பி ஆகியவற்றில் உள்ள ஹீம் இரும்போ, ஹீம் என்ற வளையத்தோடு முழுதாகவே வேறு வழியில் உள்ளே போய், செல்லுக்குள் சென்ற பிறகே பிரிக்கப்படுகிறது. ஆகையால்தான் கூடச் சாப்பிடும் பொருள்கள் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கீரைக்கு இந்தச் சலுகை இல்லை. அதிலுள்ள இரும்பில் பெரும்பங்கு குடலைக் கடந்து வெளியே போய்விடுகிறது.

குடல் செல்லுக்குள் வந்துவிட்டால் மட்டும் அது உடம்புக்குச் சொந்தமாகிவிடாது. செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை நோக்கி, ஃபெரோபோர்ட்டின் என்னும் ஒரே ஒரு வெளிவாயில் இருக்கிறது. உடம்பின் எந்த செல்லிலிருந்தும் இரும்பு வெளியே வருவதற்கு நாம் அறிந்த ஒரே வாயில் அதுதான். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு ஹார்மோன் இந்த ஃபெரோபோர்ட்டினைப் பற்றிக்கொண்டால், செல் அதை உள்ளிழுத்துச் சிதைத்துவிடும். ஹெப்சிடின் கூடினால் குடல் செல்லும் இரும்பை இரத்தத்துக்கு விடாது, விழுங்கணுக்களும் தம்மிடம் உள்ளதை விடா. குறைந்தால் இரண்டும் தாராளமாகத் திறக்கும். ஹெப்சிடினைக் கண்டது 2000, 2001 ஆண்டுகளில். அது ஃபெரோபோர்ட்டினைத்தான் பிடிக்கிறது என்று தெரிந்தது 2004இல். பல பத்தாண்டுகள் ஆய்வகத்தில் இரும்பை அளந்து வந்த நம் துறைக்கு, அதை ஆள்வது யார் என்று தெரிந்ததே அண்மையில்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

வெளியே வந்த இரும்பை, ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்களாக, டிரான்ஸ்ஃபெரின் என்னும் இரத்தப் புரதம் சுமக்கிறது. எந்த நேரத்திலும் இரத்த நீரில் டிரான்ஸ்ஃபெரினோடு இருப்பது சுமார் 3 மில்லிகிராம்தான். ஆனால் ஒரு நாளில் அது பலமுறை காலியாகி நிரம்புகிறது. எலும்பு மஜ்ஜை செல்லின் மேல் டிரான்ஸ்ஃபெரினுக்கென்று ஏற்பிகள் உள்ளன. சுமையோடு உள்ளே இழுத்து, இரும்பை இறக்கிக்கொண்டு, வெறும் புரதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

உப்பைப் பற்றிக் கேட்டீர்கள். உப்பு இரத்த நீரில் தனியாகக் கரைந்திருப்பதால் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து போகிறது. இரும்பு டிரான்ஸ்ஃபெரின் என்னும் பெரிய புரதத்தோடு ஒட்டியிருப்பதால் அந்த வடிகட்டியைக் கடப்பதே அரிது; தப்பித்தவறிக் கடந்ததையும் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தனியாகத் திரியும் இரும்பு செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை உண்டாக்குவதாலும், கிருமிகளும் இரும்பைத் தேடி அலைவதாலும், உடம்பு அதை இயன்றவரை தனியே விடுவதில்லை.

பழைய டிரெஸர் எழுதியது:

நுண்ணோக்கித் தம்பி வரவைச் சொல்லிவிட்டார், செலவை நான் சொல்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன்.

ஆணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் இரும்பு குறைகிறது. இது கழிவு உறுப்பு எதுவும் செய்கிற வேலையல்ல. தோல் உதிர்வதிலும், வியர்வையிலும், எல்லாவற்றையும்விட மூன்று முதல் ஐந்து நாளுக்கொருமுறை குடலின் உட்படை செல்கள் தாம் வைத்திருக்கும் ஃபெரிட்டினோடு உதிர்ந்து போவதிலும் சேர்ந்து வரும் இழப்பு. மற்றபடி இரும்பு போவதென்றால் இரத்தம் போகவேண்டும். ஒரு மில்லிலிட்டர் நல்ல இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் சராசரியாக 30, 40 மில்லிலிட்டர் போகிறது. 80ஐத் தாண்டினால் அதை மிகுதி என்கிறோம். 80 மில்லிலிட்டர் போகும் பெண்ணுக்கு அதனால் மட்டுமே நாளொன்றுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் கூடுதல் இழப்பு. வளரும் வயதில் இரத்த அளவும் தசையும் கூடுவதற்கு வேண்டிய இரும்பும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே தங்கச்சி, கீரை சமைத்தும் ஏன் குறைந்தது என்பதற்கு விடை சமையலறையில் மட்டும் இல்லை. மகளுக்கு மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறதா, இரவில் துணி நனைகிறதா என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் தாமாகச் சொல்வதில்லை. எத்தனையோ வீட்டில் தாயும் அப்படியே பழகிப்போனதால் அது இயல்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு இழப்பும் இருந்தது. ரப்பர் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கழிப்பறை ஒழுங்கில்லாமல், வெறுங்காலோடு வெட்டுக்காட்டுக்குப் போய்வந்த காலத்தில், கொக்கிப்புழு பரவலாக இருந்தது. மண்ணிலிருக்கும் குஞ்சுப்புழு கால் தோலைத் துளைத்து, இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் ஒட்டிக்கொள்ளும். நெக்கேட்டர் வகைப் புழு ஒன்று நாளுக்குச் சுமார் 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைக் குடிக்கும். அன்சிலோஸ்டோமா டியோடினேல் என்னும் மற்றொரு வகை அதைவிடப் பல மடங்கு. நூறு நெக்கேட்டர் இருந்தால் 3 மில்லிலிட்டர் இரத்தம், அதாவது ஒரு மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு. அதில் ஒரு பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சிக்கொண்டாலும், நாள்தோறும் நடக்கும் வேலை அது. 1915 முதல் 1917 வரை ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் குழு ஒன்று மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்து அறிக்கை எழுதியது. தோட்டத் தொழிலாளர் சோம்பேறிகள் என்று துரைமார் குறைபட்டுக்கொண்ட காலம் அது. பலருக்கு ஹீமோகுளோபின் பாதிதான் இருந்திருக்கும் என்பது என் கருத்து. இன்று தாமான் பிள்ளைகளுக்கு இது அரிது. ஆயினும் செம்பனைக் காட்டில் வெறுங்காலோடு திரியும் பழக்கமிருந்தால் மலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரும்பு குறைந்தால், மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்று எண்ணித் தேட வேண்டும்: புண், மூலம், நீண்டகாலம் விழுங்கிய வலி மாத்திரை, சில சமயம் புற்றுநோய்.

கூலிம் அம்மா எழுதியது:

தலசீமியா பிள்ளையைப் பெற்றவள் என்ற முறையில் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன். எங்கள் பிள்ளைக்கு இரத்தச்சோகை இரும்புக் குறைவால் வந்ததல்ல. ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளில் ஒன்று சரியாக உற்பத்தியாகாததால், சிவப்பணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே அழிந்துபோகின்றன. அதற்காக இரத்தம் ஏற்றுகிறோம். ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. டிரெஸர் ஐயா சொன்ன கணக்கில், ஒரு பையில் ஏறிய இரும்பு தானாகக் குறைய வேண்டுமானால் அரை ஆண்டுக்கு மேலாகும். எங்களுக்கோ சில வாரங்களில் அடுத்த பை வந்துவிடுகிறது. குடல் என்னும் நுழைவாயிலைத் தொடாமல் நேராக இரத்தத்தில் இறங்கும் இரும்பு இது. கல்லீரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் அது படிந்துகொண்டே போகும்.

இரத்தம் ஏற்றாத தலசீமியா நோயாளிகளுக்கும் இரும்பு சேர்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மஜ்ஜை ஓயாமல் சிவப்பணு செய்ய முயல்வதால் அங்கிருந்து வரும் எரித்ரோஃபெரோன் என்னும் ஹார்மோன் ஹெப்சிடினை அடக்கிவிடுகிறது. உடம்பில் இரும்பு நிறைந்திருக்கும்போதே குடலும் வாயிலைத் திறந்து வைத்திருக்கும். உடம்பு செய்யாத வெளியேற்றத்தை மருந்து செய்கிறது. முன்பு டெஸ்ஃபெரியோக்சமினைச் சிறு பம்பில் வைத்து, வயிற்றுத் தோலுக்கடியில் இரவு முழுதும் ஏற்றுவோம். மறுநாள் சிறுநீர் செம்மை கலந்து போகும். இப்போது பலருக்கு வாய்வழி மருந்து இருக்கிறது. டெஃபெராசிராக்ஸ் இரும்பைப் பிடித்துப் பெரும்பாலும் மலத்தோடு வெளியேற்றுகிறது.

அக்காவுக்கு ஒன்று: நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியில் தலசீமியாப் பரிசோதனை 2016 முதல் நடக்கிறது. உங்கள் மகளுக்கும் செய்திருக்கலாம். அந்த முடிவைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறியவையாகவே தெரியும். ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்புக் குறைவு என்று முடிவு கட்டி, வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. உங்கள் மகளுக்கு ஃபெரிட்டின் 6 என்பதால் குறைவு உண்மை. உலகச் சுகாதார நிறுவனம் 15க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்கிறது. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும்.

தாமான்வாசி எழுதியது:

படிக்கப் படிக்கத் தெளிவாகிறது, மிக்க நன்றி. மகளைக் கேட்டேன், டிரெஸர் அண்ணன் சொன்னபடிதான் இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லப் போகிறேன். மாத்திரையைப் பற்றிக் கேட்கலாமா? வயிறு எரிகிறது என்று பசியாறிய பிறகு தே தாரே என்னும் பால் தேநீரோடு விழுங்குகிறாள். ஒரு நாளைக்கு இரண்டாகச் சாப்பிட்டால் சீக்கிரம் ஏறும் என்று என் நாத்தனார் சொல்கிறார்.

புளிக்குழம்பு எழுதியது:

தே தாரே வேண்டாம் அக்கா. தேயிலையின் பாலிஃபீனால்கள் ஃபெரிக் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. சாப்பாட்டோடு குடித்த ஒரு குவளையே செடிவகை இரும்பின் உறிஞ்சலைப் பாதி அளவுக்கும் கீழாகக் குறைத்துவிடும். பாலின் கால்சியமும் தன் பங்குக்குத் தடுக்கும். கொக்கோ பானமும் காப்பியும் அப்படியே. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். மாத்திரையை ஒரு துண்டு கொய்யாவோடோ, லிமாவ் (எலுமிச்சை வகை) பிழிந்த தண்ணீரோடோ எடுக்கலாம்.

சாப்பாட்டில் எனக்குத் தெரிந்தது: கோழி ஈரல், ஆட்டிறைச்சி, நன்றாக வெந்த கெராங் ஆகியவை கீரையைவிடச் சிறந்தவை. கெராங்கின் சிவப்பு ஹீமோகுளோபினால்தான். ஆனால் சாலையோர ஒட்டுக்கடையில் கொடுப்பதுபோல் அரைவேக்காட்டில் வேண்டாம், மஞ்சள் காமாலை வரும். சைவ நாள்களில் நொதிக்கவைத்த சோயாவான தெம்பே நல்லது. நொதித்தலில், இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் குறைந்துவிடுகிறது. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பே சிறிது குழம்பில் இறங்கும். பாட்டிமார் செய்ததெல்லாம் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், இது மட்டும் உண்மை. முருங்கைக்கீரையைத் தள்ள வேண்டாம், ஆனால் 9.6ஐ அதை நம்பி ஏற்ற முடியாது.

நுண்ணோக்கி எழுதியது:

ஏன் முடியாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இரத்தம் சுமார் 3.3 லிட்டர். ஹீமோகுளோபினை 9.6இலிருந்து 12.5க்குக் கொண்டுபோக ஏறத்தாழ 95 கிராம் ஹீமோகுளோபின் புதிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு கிராமுக்கும் 3.4 மில்லிகிராம் இரும்பு என்றால் 320 மில்லிகிராமுக்கு மேல். அது வெறும் இரத்தத்துக்கு. காலியான சேமிப்புக்கு இன்னும் சில நூறு மில்லிகிராம். உணவில் கிடைக்கும் ஓரிரண்டு மில்லிகிராமில் அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். 200 மில்லிகிராம் ஃபெர்ரஸ் ஃபியூமரேட்டில் 65 மில்லிகிராம் தனி இரும்பு (மற்ற பொருளைக் கழித்து இரும்பின் எடை மட்டும்) இருக்கிறது. குறைவுள்ள உடம்பு அதில் 10 மில்லிகிராம் அளவுக்கு எடுத்துக்கொண்டாலே மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ஹீமோகுளோபின் சரியான பின்னும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வது சேமிப்பை நிரப்பத்தான். களைப்பு போனதும் நிறுத்திவிடுபவர்கள்தான் அடுத்த ஆண்டு மறுபடி எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார்கள்.

நாத்தனார் சொல்லும் இரண்டு மாத்திரை பலிக்காது. ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் உயர்ந்து, ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே இருக்கிறது. அதற்குள் வரும் அடுத்த மாத்திரையின் இரும்பைக் குடல் குறைவாகவே விடுகிறது. சூரிக்கில் 2015க்குப் பிறகு இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் செய்த ஆய்வுகளில், ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உறிஞ்சப்பட்டது. வயிற்றெரிச்சல் இருப்பதால், இப்படி மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். வயிற்றெரிச்சலுக்கு என்று அமிலத்தை அடக்கும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கூடக் கொடுத்துவிடாதீர்கள். அமிலம் குறைந்தால் இரும்பு கரையாது. காய்ச்சலோ நோய்த்தொற்றோ உள்ள வாரத்தில் ஃபெரிட்டின் பரிசோதிப்பதையும் தள்ளிப்போடுங்கள். அழற்சியில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும்; அதே அழற்சி ஹெப்சிடினையும் உயர்த்தி இரும்பைப் பூட்டிவைக்கும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது.

தாமான்வாசி எழுதியது:

புரிந்தது தம்பி. கடைசியாக ஒன்று: மகளின் மாத்திரையில் பாதியை மூன்று வயதுப் பேரனுக்கும் கொடுக்கலாமா? அவனும் மெலிந்துதான் இருக்கிறான்.

பழைய டிரெஸர் எழுதியது:

வேண்டாம் தங்கச்சி, அவனுக்குப் பரிசோதனை செய்து, எடைக்கேற்ற சொட்டு மருந்தை மருத்துவரே கொடுக்கட்டும். அந்த மாத்திரைப் பொட்டலத்தையும் உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள். உடம்பின் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் தனி இரும்பு என்பது உயிருக்கே ஆபத்தான அளவு. 12 கிலோ குழந்தைக்குப் பதினோரு பன்னிரண்டு மாத்திரை போதும், சிவப்பாக மிட்டாய் போல இருப்பதால் எடுத்து விழுங்கியும் விடுவார்கள். அந்த அளவு இரும்பு குடலின் உட்படையையே அரித்துவிடுவதால், தம்பி சொன்ன ஹெப்சிடின் கட்டுப்பாடு எதுவும் அங்கே வேலை செய்யாது. விழுங்கிய சந்தேகம் வந்தாலே, வாந்தி வரும்வரை காத்திராமல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்; முதல் சில மணி நேர வாந்தி நின்று, பிள்ளை தேறியதுபோல் தெரிந்தாலும் வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது.